கோரைக்கிழங்கு

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு அருகில் அமைந்துள்ளது ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் திருக்கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே கோரைக்கிழங்கு மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பெருமாளுக்குப் படைப்பது வழக்கம். பன்றியுருக் கொண்ட பெருமாளுக்கு, பன்றி அகழ்ந்துண்ணும் கிழங்கையே அமுதாக்கினர் முன்னோர். எத்துணைப் பொருத்தம்!

கோயில் மதிலுக்கு வெளியே அக்கிழங்குக்கு வழங்கும் பெயர் வேறு. உழவர் அதனைக் களை என்பர். அவர்தம் சினத்துக்குக் காரணம் உண்டு. கோரை விதையால் பரவுவது குறைவு. மண்ணுக்குள் நூல்போல் ஓடும் தண்டில், கோத்த மணிகளைப் போலக் கிழங்குகள் தொடர்கின்றன. தழையைக் கொய்தால் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். ஈரநிலத்தில் ஏர் ஓட்டினாலோ தொடர் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகும். 1977-இல் உலகின் கொடிய களைகளைப் பற்றி நூல் எழுதிய அறிஞர்கள் இதற்கே முதலிடம் தந்தனர். (பாய் முடையும் கோரை இதற்கு உறவே எனினும் வேறு செடி.)

ஆயினும், களை என்ற ஒரு சொல்லால் இதனை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. சூடான் நாட்டில் வெள்ளை நைல் ஆற்றையடுத்த அல்கிடாய் என்னுமிடத்தில் பண்டை மக்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்தம் பற்களில் படிந்திருந்த காரையை ஆராய்ந்தோர், வேளாண்மை தோன்றுவதற்கு முன்னும் பின்னும் அவர்கள் இக்கிழங்கை உண்டனர் என்று 2014-இல் அறிவித்தனர். அம்மக்களுக்குச் சொத்தைப் பல் அரிதாயிருந்தது. பல்லை அரிக்கும் நுண்ணுயிரைத் தடுக்கும் ஆற்றல் இக்கிழங்குக்கு இருப்பதே காரணமாகலாம் என்றும் கருதினர். ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் இதன் இனத்ததாகிய இனிப்புக் கோரையை உழவரே பயிரிட்டு, அதன் கிழங்கிலிருந்து பால் போன்ற பானம் செய்கின்றனர். தமிழ்நாட்டிலோ, நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளுள் கோரைக்கிழங்கும் ஒன்று.

நஞ்சு தெளித்த வயலின் கிழங்கு மருந்துக்கும் ஆகாது, உணவுக்கும் ஆகாது. கோடையுழவே மேல். அப்போது மேலே புரளும் கிழங்குகள் வெயிலில் காய்ந்து முளைக்கும் திறனை இழக்கும். அவற்றைப் பொறுக்கி, நாட்டு மருந்துச் சரக்கு வாங்குவோரிடம் சேர்த்தால், களையெடுத்த கூலியில் ஒரு பங்கேனும் உழவருக்குத் திரும்பக்கூடும்.