கணக்கைக் கேட்கும் உரிமை

சில திரைப்படங்கள் அரங்கை விட்டு வந்த பின்னும் நம்மை விடுவதில்லை. பிமல் ராய் இயக்கத்தில் 1953-இல் வெளிவந்த ‘தோ பீகா ஜமீன்’ என்னும் இந்திப் படம் எங்களுக்கு அத்தகையது.

ஜமீன்தாரிடம் பட்ட கடன் 65 ரூபாய் என்று நம்பி, வீட்டுப் பொருள்களை விற்றுப் பணத்துடன் செல்கிறான் உழவன் சம்பு. கணக்கேடோ 235 ரூபாய் என்கிறது. அந்தப் பொய்க்கணக்கை அவனால் முறியடிக்க இயலவில்லை. கல்கத்தாவில் கைரிக்‌ஷா இழுத்தும் நிலம் மீளவில்லை. இறுதியில் தன் நிலத்து மண்ணில் ஒரு பிடி அள்ளுகிறான். காவலாளி அதையும் கீழே போடச் செய்கிறான்.

வறுமையைக் காட்டும் படம் என்றே இதனைப் பலர் கூறுவர். வங்கிப் பணியில் இருக்கும் எங்களுக்கோ, இது கணக்கேட்டைப் பற்றிய படம். கடன் பத்திரத்தில் கைந்நாட்டு வைக்க வருபவரைக் காணும்போதெல்லாம் சம்பு நினைவுக்கு வருகிறான். கூட்டம் மிகுந்த நாள்களில் நாங்களும் விரைந்து ஒப்பம் பெற்றதுண்டு, அது தவறு. வட்டி, தவணை, பிணை ஆகியவற்றை அவரவர் மொழியில் விளக்கிய பிறகே மைப்பெட்டியை நீட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வாடிக்கையாளர்களும் கேட்கத் தயங்க வேண்டா. ஒரு வரி விளங்கவில்லையெனினும், அது விளங்கும் வரை ஒப்பமிடாதீர்கள்.