வாசலோடு நின்ற சட்டம்

வானொலியில் எத்தனையோ முறை, ‘புகைப்பதை விட்டுவிடுங்கள் நேயர்களே’ என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் அப்பாவிடம் சொல்ல மட்டும் தைரியம் வந்ததில்லை.

முன்பெல்லாம் அப்பா வீட்டு வாசலில் நின்றுதான் புகைப்பார். 2013 ஜனவரியில் அடுக்குமாடிகளின் பொதுத் தாழ்வாரம், மாடிப்படி, கீழ்த்தளம் எல்லாவற்றிலும் அதற்குத் தடை வந்தது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் மின்தூக்கியில் இறங்கி, திறந்தவெளிவரை நடக்க வேண்டும். முணுமுணுத்தார். ஆனால் நாளுக்குப் பத்து என்ற கணக்கு ஆறாகக் குறைந்தது. புத்திமதியால் அல்ல, அலுப்பால்!

பிறகு முழங்கால் வலி வந்தது. சமையலறைச் சன்னலுக்கு இடம் மாறினார். “என் வீடு, என் சன்னல். சட்டம் ஒன்னும் சொல்லலையே?” என்பார். உண்மைதான். 2020ல் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங், சன்னலோரமும் மாடத்திலும் புகைப்பதைத் தடைசெய்யக் கோரினார். வீட்டுக்குள் நடப்பதைக் கண்காணிப்பது தனிப்பட்ட வாழ்க்கையில் தலையிடுவதாகும் என்று அரசாங்கம் தயங்கியது. சட்டம் எங்கள் வாசலோடு நின்றது. புகை நிற்கவில்லை.

ஒரு நாள் மாலை, மேல்மாடி மலாய்ப் பாட்டி ஒரு தட்டு குவேயுடன் வந்தார். சத்தம் போடவில்லை. “பேரனுக்கு இழுப்பு இருக்கிறது. இரவில் சன்னலை மூடியே வைக்கிறோம்” என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அப்பா தலை நிமிரவில்லை. அன்றிரவு அந்தக் குவேயையும் தொடவில்லை.

நீ சூன் சவுத் வட்டாரத்தில், புகைப்பவர்களுக்கென்றே தனி இடங்களை அமைத்திருக்கிறார்கள். ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்திலும் 2019 முதல், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே புகைக்கலாம். இது புகைப்பவர்களுக்குத் தரும் சலுகை என்றே நான் நினைத்திருந்தேன். அப்பாவைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ‘இங்கே கூடாது’ என்று மட்டும் சொன்னால், புகை இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. ‘அங்கே போங்கள்’ என்றும் சொன்னால், குழந்தைக்கு நல்ல காற்று கிடைக்கிறது. நடக்கிற தூரம் சிகரெட்டையும் குறைக்கிறது.

இப்போது அப்பா முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் கீழே இறங்குகிறார். நாளுக்கு மூன்றுதான். போன வாரம் ஒருவழியாகத் தைரியம் வந்து, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 28 நாள் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “பார்க்கலாம்” என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

மேல்மாடிச் சன்னல் இரண்டு வாரமாகத் திறந்திருக்கிறது. உங்கள் வீட்டுச் சன்னலோரம் யாராவது நிற்கிறார்களா? சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே பேசிப் பாருங்கள்.