கண்ணளவு பெயிண்டர்களே, ஒரு நிமிஷம்!

அபிராமி அமாவாசையைப் பௌர்ணமியாக்கின ஊருங்க எங்க திருக்கடையூர். இங்க ஒரு விரல்நீளக் கீறலை மறைக்க வழியில்ல!

புல்லட் டேங்குல ஆசையா மயில்நீலம் அடிச்சு மூணு வருஷம் ஆச்சு. அடிச்சவரைக் கேட்டா, "கண்ணளவுல கலந்தேன் தம்பி"ங்கறார். மாயவரம் கடையில கலர் கோடு கேக்கறாங்க. கம்பெனி கலருக்குத்தானே கோடு?

"கிட்டத்தட்ட வர்ற பாட்டிலை வாங்கித் தடவுப்பா"ங்கற நண்பர்களே, மெட்டாலிக் பெயிண்ட்ல இருக்கற அலுமினியத் துகள் ஸ்ப்ரேயில ஒரு மாதிரி படியும், பிரஷ்ல வேற மாதிரி. போதாக்குறைக்கு, டேங்க் வேற வெயில்ல வெளுத்திருக்கு.

கலர் மாத்தினா ஆர்.சி.யில பதியணும். ஆனா எந்த டின்னுல எத்தனை மில்லி கலந்தோம்னு பில்லுல எழுத மட்டும் பட்டறைக்காரருக்குக் கை வராது. எழுதித் தராம முழுக்காசு கொடுக்காதீங்க மக்களே. ஹார்ட்னர் ஊத்தறதுக்கு முன்னாடியே அம்பது மில்லி தனியா வாங்கி வைங்க.

நான்? மொத்த டேங்கையும் திரும்ப அடிக்கப் போறேன். இந்தத் தடவை பக்கத்துலயே நோட்டோட உக்காந்து.