முதலில் காது, பிறகு கருவி

"ஒலிப்பதிவு படிக்க ஆசைதான் சேர். ஆனால் அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டுமே, இங்கே ஸ்டூடியோ எங்கே இருக்கிறது?" பசறை, ஹாலிஎல, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளையிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வந்து நிற்கிறது. கூடவே இன்னொன்றும் வரும்: "நல்ல மைக் வாங்கக் காசில்லை."

ஸ்டூடியோவும் விலையுயர்ந்த மைக்கும் இருந்தால்தான் ஒலிப்பதிவைக் கற்கத் தொடங்கலாம் என்ற இந்த நம்பிக்கை பொய். பொய்யோடு நிற்காமல் கேடும் செய்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கே 2021 வரை போராடிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இவை. அந்த வீட்டுப் பிள்ளையிடம் இலட்ச ரூபாய்க் கருவியைக் காட்டி, 'இது இல்லாமல் உள்ளே வராதே' என்பது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதுதான்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு மாணவன் தன் அப்பாயியின் தாலாட்டைக் கைபேசியில் பதிந்தான். கைபேசியைச் சுவரோரம் மேசைமேல் வைத்துவிட்டான். கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல இருந்தது. "ஃபோன் சரியில்லை சேர்" என்றான். அவர்கள் குடியிருந்த காம்பராவின் (லயத்து அறையின்) நடுவில் நின்று ஒருமுறை கைதட்டச் சொன்னேன். தட்டியதும் 'ணங்' என்று ஒரு நடுக்கம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்கியது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, எதிரெதிரே சிமெந்துச் சுவர்கள், மேலே தகரம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

வீட்டிலிருந்த இரண்டு கம்பளிகளை எடுத்தோம். ஒன்றை அப்பாயிக்குப் பின்னால் கொடிகட்டித் தொங்கவிட்டோம். மற்றதை எதிர்ச் சுவரில். கைபேசியை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, மூச்சு நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம். இரண்டாம் பதிவில் அப்பாயி நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். கைபேசி அதே கைபேசிதான்.

இதில் மாயமில்லை. பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பெரும்பாலும் இருந்த அளவிலேயே இருக்கும். கம்பளி அந்தத் திரும்பும் ஒலியையும் கொஞ்சம் விழுங்கிவிடும். அறை, தூரம், பதியும் ஒலியின் அளவு. ஆரம்பப் பாடம் இந்த மூன்றுதான்.

ஒலியின் அளவைக் கற்றுத்தரத் தப்பு என்ற பறையைவிட நல்ல ஆசான் இல்லை. மலையகத்துக் காமன் கூத்துக்குத் தப்படிப்பவர்கள் தோலை நெருப்பில் காய்ச்சித்தான் எடுப்பார்கள். மலைக்குளிரில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து, நாதம் இறங்கிவிடும். ஆகவே காய்ச்சிய கையோடு பதியவேண்டும். கைபேசியை மிகக் கிட்டே வைத்தால் ஒலி உடைந்துவிடும். உடைந்ததை எந்த மென்பொருளாலும் முழுதாக ஒட்டவைக்க முடியாது. சில அடி பின்வாங்கி, உச்ச அடி −12 டெசிபெல் அளவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பிறகு வெட்டவும் சேர்க்கவும் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி மென்பொருள் இருக்கிறது.

"நல்ல மைக் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் பிறகு. விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கின் நுண்ணுணர்வு அதிகம். அதை அதே காம்பராவில் வைத்தால் தகரத்து மழையையும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். முறையான படிப்பும் நல்லதுதான். ஆனால் கேட்கப் பழகாத காதோடு போகிறவன் அங்கே பொத்தான்களின் பெயரை மட்டும்தான் படித்துவிட்டு வருவான்.

வரலாறும் நம் பக்கம்தான். 1902இல் பாடகி கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டுக்காகப் பதிவானது கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில். 1982இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' தொகுப்பு, வீட்டு அறையில் நான்கு தடக் கசெட் கருவியில் பதிந்தது. அதே பாடல்களை ஸ்டூடியோவில் இசைக்குழுவோடு பதிந்து பார்த்துவிட்டு, கடைசியில் கசெட்டில் இருந்ததையே வெளியிட்டார்.

நமக்கு இது அவசர வேலை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்து நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டி வைத்ததால்தான் அவற்றில் பல நம் கையில் இருக்கின்றன. அவர் காப்பாற்றியது சொற்களை. சொற்களை மட்டும் எழுதினால் மெட்டு தாளில் ஏறாது. இழுப்பும் விம்மலும் ஏறவே ஏறாது. அவை இன்னும் நம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வயதானவர்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. ஸ்டூடியோ வரட்டும் என்று நாம் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொண்டைகளில் சில அடங்கிப்போகின்றன.

தம்பி, தங்கச்சி, காத்திருக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம் பார்த்து, வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்காரவையுங்கள். கைதட்டி அறையைக் கேளுங்கள். கம்பளியைக் கட்டுங்கள். அழைப்பு வராதபடி கைபேசியை ஃப்ளைட் மோடில் போடுங்கள். தோட்டத்தின் பெயர், திகதி, பாடுபவரின் பெயர் மூன்றையும் முதலில் உங்கள் குரலில் சொல்லிப் பதியுங்கள். பிறகு அவரைப் பாடச் சொல்லுங்கள்.