ஏரிக்கரையில் யாருக்கு வழி?

ஏரிக்கரை என்பது நீரைத் தேக்குவதற்காக எழுப்பிய மண் அணையேயன்றி, மனிதர் போவதற்கென்று போட்ட சாலையன்று. ஆயினும் ஊருக்கு ஊர் ஏரியுள்ள நமது உத்திரமேரூர் வட்டாரத்தில், கரைமேல் நடப்பதே குறுக்கு வழியாகித் தலைமுறை தலைமுறையாய் நிலைத்துவிட்டது. புல்லுக்கட்டுச் சுமந்து வரும் கிழவியும், மாடு ஓட்டி வரும் பையனும் அதன்மேல்தான் போகிறார்கள். அவர்களோடு பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. "சைக்கிளைக் கரைமேல் ஏற்றவே கூடாது" என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இதைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

அபாயம் யாருக்கு அதிகம்? கணக்கு எளியது. நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார். சைக்கிள் 15 கிலோமீட்டர் போகிறது. வேகம் மும்மடங்கானால் மோதலின் பலம் ஒன்பது மடங்காகும். சைக்கிளின் எடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். கரை வளையும் இடத்தில் பத்து மீட்டருக்கு அப்பால் இருவரும் ஒருவரையொருவர் கண்டால், சந்திப்பதற்கு இரண்டு விநாடிகூட இல்லை. அதில் ஒரு விநாடி, பிரேக் பிடிக்க வேண்டும் என்று மனம் உணர்வதற்கே போய்விடும். மழை பெய்து ரிம் நனைந்திருந்தாலோ, பிரேக் கட்டை வழுக்கும். முன் பிரேக்கை மட்டும் அழுத்துகிறவன் தானே தலைகுப்புற விழுவான். ஒருபுறம் ஆழ்ந்த நீர், மறுபுறம் சரிவு. ஆகவே இடிப்பவனுக்கும் இடிபடுபவருக்கும் ஒரே கதிதான். வித்தியாசம் ஒன்று உண்டு: சைக்கிள்காரன் அபாயத்தைத் தானே உண்டாக்குகிறான், கிழவி அதை வாங்கிக்கொள்கிறாள்.

அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே தமல்பாயஸ் என்றொரு மலை உண்டு. (பெயரைக் கேட்டுத் தமிழ் மலையோ என்று நேயர்கள் பூரிக்க வேண்டாம்!) மலைச் சைக்கிள் விளையாட்டு 1970-களில் அந்தப் பக்கத்தில்தான் வளர்ந்தது, நடைப் பிரியர்களோடு சச்சரவும் உடன் வளர்ந்தது. அம்மலைப் பாதைகளில் சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல் வரம்பு. கண்ணுக்குத் தெரியாத வளைவிலும், ஒருவரைக் கடக்கும்போதும் 5 மைல்தான். சைக்கிள் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். குதிரை என்ற இடத்தில் எருமை என்று போட்டுக்கொண்டால் நமக்கும் பொருந்தும். பின்னாலிருந்து திடீரென்று மணியடித்தால் மாடு மிரளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம்.

ஆனால் அங்கே சைக்கிள் ஓட்டுவது பொழுதுபோக்கு. இங்கே அது படிப்பு. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-க்குப் பின் ஏனைய மாணவர்களுக்கும் விரிந்தது. பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைத்தது. அதை ஓட்டுவதற்குப் பாதை கிடைக்கவில்லை. கரையிலிருந்து விரட்டினால் அந்தப் பெண்கள் காஞ்சீபுரம் - வந்தவாசிச் சாலையில் லாரிகளுக்கிடையே போகவேண்டும். லாரி தரும் காயம் சைக்கிள் தரும் காயத்தைப் போன்றதன்று. எனவே தடை விதிப்பது, கிழவியின் அபாயத்தைப் பத்து மடங்காக்கிப் பேத்தியின் தலையில் வைப்பதாகும்.

செய்யக்கூடியது வேறு. கரை நெடுகச் சீமைக் கருவேலம் மண்டி வளைவுகளை மறைத்து நிற்கிறது. அதன் முள் டயரையும் பதம் பார்க்கிறது. வளைவுகளில் மட்டுமாவது அதை வெட்டினால் முப்பது மீட்டருக்குப் பார்வை கிடைக்கும். மதகின்மேல் எல்லோரும் இறங்கித்தான் போக வேண்டும் என்று ஒரு கல் நடலாம். மழைநாளில் கரைக்கே சைக்கிள் ஆகாது. சக்கரத் தடத்தில் நீர் ஓடினால் கரை அரிக்கும். கரை போனால் போகம் போகும்.

இதை யாரிடம் கேட்பது? பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்து வைரமேக தடாகத்தைப் பேண, உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்தது. ஆறு பேர் கொண்ட அவ்வாரியத்தைக் குடவோலையிட்டுத் தேர்ந்த முறையைப் பராந்தகனின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் காணலாம். இன்று நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையைச் சேரும். விண்ணப்பம் எழுதுமுன் நம் ஏரி எந்தக் கணக்கில் உள்ளதென்று விசாரித்துக்கொள்வது நலம். இல்லாவிடில் காகிதம் இரண்டு அலுவலகங்களுக்கிடையே நடைபழகும். ஆகஸ்டு 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறினால், ஐப்பசி மழைக்குள் முள்ளை வெட்டி முடிக்க அவகாசம் இருக்கிறது.