விளையாட்டா, வேலையா? கையடக்கக் கம்ப்யூட்டர் வாங்குமுன் யோசியுங்கள்!

சம்பா அறுவடை முடிந்து நெல்லுக்குப் பணம் வந்துவிட்டால், தஞ்சை வட்டாரத்து வீடுகளில் பல பேச்சுகள் கிளம்பும். கடனை அடைக்க வேண்டும். அடகு வைத்த நகையை மீட்க வேண்டும். ஒழுகும் கூரையைச் சரி செய்ய வேண்டும். இந்த வரிசையில் இப்பொழுது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

"அப்பா, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாங்க!"

கேட்பவன் கல்லூரிக்குப் போகும் மகன். அவன் காட்டும் படத்தைப் பார்த்தால், அது மேஜை மேல் வைக்கும் கம்ப்யூட்டர் அல்ல. மடியில் வைப்பதும் அல்ல. இரண்டு கைகளாலும் பிடித்துக் கொள்வது. நடுவில் திரை. இரு பக்கமும் பொத்தான்கள்.

"இதிலே விளையாடலாம்பா. படிக்கவும் செய்யலாம்" என்கிறான் மகன்.

வாங்கலாமா? கூடாதா?

மகன் முகம் வாடுமே என்று உடனே "சரி" என்பதும் தவறு. "போடா, வேலையைப் பார்!" என்று விரட்டுவதும் தவறு. விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வதே நல்லது.

இது என்ன கருவி?

விளையாட்டுக்கென்று கையடக்கக் கருவிகள் முன்பே உண்டு. ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ கம்பெனி 1989-ல் "கேம் பாய்" என்ற கருவியை வெளியிட்டது. அதில் விளையாட மட்டுமே முடியும்.

இப்பொழுது வந்திருப்பவை வேறு வகை. அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2022 பிப்ரவரியில் "ஸ்டீம் டெக்" என்ற கருவியை வெளியிட்டது. தைவான் நாட்டின் அசுஸ் கம்பெனி 2023-ல் "ராக் அல்லை" என்ற கருவியைக் கொண்டு வந்தது. இவை முழுக் கம்ப்யூட்டர்கள். அசுஸ் கருவியில் இருப்பது, அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் அதே விண்டோஸ்தான்.

ஆகவே மகன் சொல்வது பொய்யல்ல. இதில் கடிதம் எழுதலாம். கணக்குப் போடலாம். பாடம் படிக்கலாம். கீபோர்டையும் மவுஸையும் இணைக்கலாம். டெலிவிஷன் பெட்டியில் படம் தெரியும்படியும் செய்யலாம்.

ஆனால் அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தக் கருவிகளில் கீபோர்டு கிடையாது. திரையோ 7 அங்குலம்தான். பத்துப் பக்கக் கட்டுரையை அந்தச் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்? கீபோர்டு, மவுஸ், பெரிய திரை எல்லாம் தனியாக வாங்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

69 மூட்டை நெல்!

அசுஸ் கருவி 2023 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் விலை 69,990 ரூபாய்.

கடைக்காரர் இதை மாதத் தவணையாகப் பிரித்துச் சொல்வார். கேட்பதற்குச் சின்னத் தொகையாக இருக்கும். டெல்டாக்காரர்கள் இதை நெல்லாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 1 முதல் சன்ன ரக நெல்லுக்குத் தமிழக அரசு அறிவித்த கொள்முதல் விலை, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அந்தக் கணக்குப்படி பார்த்தால், இந்தக் கருவியின் விலை சுமார் 27½ குவிண்டால் நெல். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் சொன்னால், சுமார் 69 மூட்டை!

ஒரு ஏக்கரில் விளைந்ததை எல்லாம் விற்றாலும், பல வயல்களில் இந்தத் தொகை தேறாது. அதில் உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக வேண்டும். மிஞ்சுவது எவ்வளவு? விவசாயிக்குத் தெரியும்.

திரியைத் தூண்டினால் எண்ணெய் தீரும்

அடுத்தது பாட்டரி.

அரிக்கேன் விளக்கில் திரியை ஏற்றினால் வெளிச்சம் கூடும். எண்ணெயும் சீக்கிரம் தீரும். இந்தக் கருவிகளும் அப்படித்தான். ஸ்டீம் டெக் முதலில் வந்தபோது, பாட்டரி 2 மணி முதல் 8 மணி நேரம் வரை தாங்கும் என்று கம்பெனியே சொன்னது. 8 மணி என்பது சாதாரண வேலைக்கு. பெரிய விளையாட்டு ஆடினால் 2 மணி நேரம்தான்.

அசுஸ் கருவியின் பாட்டரி 40 வாட்-மணி அளவுள்ளது. கருவி 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 10 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம் வரும். கணக்கு இவ்வளவுதான்.

கரண்டு இருக்கும்போது இது பெரிய குறை அல்ல. ஆனால் டெல்டா, புயல் பார்த்த பூமி. 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் வரவில்லை. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் இருக்கும் இடத்தைத் தேடி அலைந்தார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தவை அதிகம் பாட்டரி குடிக்காத சாதாரணக் கருவிகள்தான்.

இரண்டு பழைய பாடங்கள்

"அப்படியானால் இருப்பதிலேயே மலிவாக ஒன்றை வாங்கிவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். அதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது.

2011 அக்டோபர் 5-ந்தேதி டில்லியில் "ஆகாஷ்" என்ற மலிவு விலைக் கைக்கணினி அறிமுகமானது. மாணவர்களுக்காக மத்திய அரசு கொண்டு வந்தது. உலகமே வியந்து பேசியது. ஆனால் கருவி மெதுவாக வேலை செய்தது. திரையை விரலால் அழுத்த வேண்டியிருந்தது. பாட்டரியும் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே, 2012 நவம்பரில், வேகம் கூட்டி "ஆகாஷ் 2" கொண்டு வர நேர்ந்தது. எண்ணம் உயர்ந்தது. கருவிதான் ஈடுகொடுக்கவில்லை.

அதற்கும் முன்பு பெங்களூரில் "சிம்ப்யூட்டர்" என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் உருவானது. 2004-ல் கடைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உபயோகிக்க வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். எதிர்பார்த்தபடி அது விற்கவில்லை. ஆனால் அதில் ஓர் அருமையான யோசனை இருந்தது. ஒரு கருவியைப் பலர் மாறி மாறி உபயோகிக்கலாம். அவரவர் விவரம் அவரவர் கையிலுள்ள சிறு அட்டையில் இருக்கும். கருவி பொது, கணக்குத் தனி!

அந்த யோசனையை நம் வீடுகள் மறக்கக் கூடாது.

யார் கையில் இருக்கும்?

இதுதான் முக்கியமான கேள்வி.

வீட்டில் கம்ப்யூட்டர் தேவைப்படுவது மகனுக்கு மட்டுமா? பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தேவை. பட்டா, சிட்டா பார்க்க அப்பாவுக்குத் தேவை. மகளிர் குழுக் கணக்கு எழுத அம்மாவுக்குத் தேவை. வெளிநாட்டில் இருக்கும் பேரனின் முகத்தைப் பார்க்கத் தாத்தாவுக்கும் தேவை.

விளையாட்டுப் பொத்தான் வைத்த கருவி யார் கையில் தங்கும்? விளையாடுகிறவன் கையில்தான்! "அண்ணா, ஒரு மணி நேரம் கொடுங்க" என்று தங்கை கேட்டால், "இரு, ஆட்டம் பாதியில் இருக்கு" என்பான். கொடுத்தாலும், அதில் அவள் எப்படிக் கட்டுரை எழுதுவாள்?

69 மூட்டை நெல் மகனின் உழைப்பு மட்டும் அல்ல. நாற்றுப் பறித்த கையும், களை எடுத்த கையும் அதில் உண்டு. அந்தப் பணத்தில் வாங்கும் பொருள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொந்தமாவது நியாயமா?

இடமும் ஒரு செல்வம்

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், இளமையில் பலகையில்தான் கணக்குப் போட்டார். காகிதம் வாங்க வசதி போதாது. போட்டதை முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். முடிவை மட்டும் நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டுகள்தான் இன்று உலகப் புகழ் பெற்றவை.

கம்ப்யூட்டரிலும் இடம் அளவோடுதான் இருக்கிறது. புதிய விளையாட்டுகளில் சில, ஒவ்வொன்றும் 100 ஜிபிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். நாலைந்து விளையாட்டு ஏற்றினால் கருவி நிரம்பிவிடும். பிறகு பாடத்துக்கு இடம் எங்கே? வாங்குமுன் இதையும் கேட்க வேண்டும்.

விளையாட்டு குற்றமா?

இல்லவே இல்லை.

திண்ணையில் தாயம் ஆடாத ஊர் உண்டா? பல்லாங்குழி இல்லாத வீடு உண்டா? நாள் முழுதும் படித்த பிள்ளை ஒரு மணி நேரம் விளையாடினால் வானம் இடிந்து விழாது. விளையாட்டைப் பார்த்தே கம்ப்யூட்டர் தொழிலில் ஆர்வம் கொண்ட பிள்ளைகளும் உண்டு.

கூடாதது சூதாட்டம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் குடும்பங்களைக் கெடுத்தன. 2022-ல் தமிழகச் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. விளையாட்டு வேறு, சூது வேறு. இதைப் பெற்றோர் பிரித்து அறிய வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கித் திட்டினால், பிள்ளை இரண்டையும் மறைத்து ஆடுவான்.

எதை வாங்கலாம்?

முதலில் கல்லூரியில் விசாரியுங்கள். தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் வந்த பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்ற அறிவிப்பு வெளியானது. பிள்ளைக்கு அது கிடைக்குமானால், வீட்டுப் பணத்தைச் செலவிடுவானேன்?

கிடைக்காவிட்டால், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற நிலையில் மடிக்கணினியே சிறந்தது. கீபோர்டும் பெரிய திரையும் அதிலேயே இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸிலேயே கிடைக்கிறது. சிறு விளையாட்டுகளும் அதில் ஓடும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்துக் கொள்ளலாம். சிம்ப்யூட்டர்காரர்கள் சொன்னதும் இதைத்தானே!

படிக்கவும் பாடம் கேட்கவும் மட்டும் என்றால், கீபோர்டு இணைக்கக்கூடிய கைக்கணினி போதும்.

கையில் பிடித்து ஆடும் கம்ப்யூட்டர் யாருக்கு? வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வாங்குகிறவர் சொந்தமாகச் சம்பாதிக்கிறார் என்றால், தாராளமாக வாங்கட்டும். அது அவர் உழைப்பு, அவர் ஆசை. யார் தடுப்பது?

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

பழுதானால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சரி செய்ய முடியுமா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா?

இந்தியாவில் செல்லும் உத்தரவாதச் சீட்டு உண்டா? வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்த சரக்கா?

பாட்டரி கெட்டால் மாற்றலாமா? என்ன செலவாகும்?

பிறகு சேர்த்து வாங்க வேண்டிய சாமான்கள் எவை? அவற்றின் விலை என்ன?

நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது மகனை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். மகளையும் அழைத்துப் போங்கள். அவளும் கருவியைத் தொட்டுப் பார்க்கட்டும். தனக்கு எது உதவும் என்று அவளும் சொல்லட்டும்.