"ஏன் எங்க கம்பெனி?"

இண்டர்வியூ போன எல்லாருக்கும் தெரிஞ்ச கேள்விதான்: "ஏன் இங்க வேலை செய்ய விரும்புறீங்க?"

சம்பளம் வேணும். ஒரகடம் எங்க ஊருக்குப் பக்கம். இதான் நிஜம். சொன்னா வேலை போச்சு! அதனால வெப்சைட்டை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறோம். வேலைக்குச் சேரும் முன்னாடியே பொய் :-)

எங்க உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. வயசு 35லேர்ந்து 70, கால் வேலி நிலம், வேத அறிவு. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. நிலமில்லாதவனைத் தள்ளினது அநியாயம்தான். ஆனா, "ஏன் ஆசைப்படுறே?"ன்னு அதுல கேள்வியே இல்லை. விசாரிச்சுத் தெரிஞ்சுக்கற விஷயத்தைத்தான் பெரும்பாலும் கேட்டிருக்காங்க.

எங்களையும் அப்படியே கேளுங்க சார்: என்ன வேலை தெரியும்? செஞ்சு காட்டுறோம். ஆசையை நடிச்சுக் காட்டச் சொல்லாதீங்க.